இடக்கை வார்த்தைகள்

இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் அதற்கு ஒரு நாள் வைத்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு ஒரு நாள், மரத்துக்கு ஒரு நாள், சிரிக்கிறதுக்கு ஒரு நாள். அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, துணியில் பெரிதாக எழுதிக் கட்டி, அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் போய்ப் பாருங்கள். துணி ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். குழாய் பழையபடி ஒழுகிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தபோது எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். 'செவித்திறன் குறைந்த மாணவர்களைப் புரிந்துகொள்ளும் நாள்' என்று போட்டிருந்தது. பெற்றோர்களும் வரவேண்டுமாம். என் பையன் அங்கே மூன்றாம் வருஷம். பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது. அதைச் சொல்ல இவ்வளவு நீளமான சொல் எதற்கு?

கடிதத்தை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் எனக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது. அவனுடைய கடைசிப் பரீட்சை முடிந்திருந்தது. கையோடு அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். எங்கள் ஆணிக் கம்பெனி முதலாளியிடம் இரண்டு மாதமாக நச்சரித்து, ஏழாம் நம்பர் எட்டாம் நம்பர் மிஷின்களை ஓட்டுகிற வேலையைப் பையனுக்கு வாங்கி வைத்திருந்தேன்.

"திங்கட்கிழமை காலையில ஆள் நிக்கணும் பெரியவரே. இல்லேன்னா நான் வேற ஆளைப் போட்டுக்குவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"நிப்பான்" என்றேன்.

அந்தக் கம்பெனியில் நான் நாற்பத்தி மூன்று வருஷம் மிஷின் ஓட்டினேன். இப்போது அறுபத்தி ஏழு வயது. அரை நாள் போய் உட்கார்ந்து, கம்பி வெட்டுகிற கட்டர்களுக்குச் சாணை பிடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். உள்ளே இருபத்திரண்டு மிஷின்கள். ஒரு பக்கம் கம்பிச் சுருள் போகும், மறு பக்கம் ஆணி கொட்டும். கூடவே, ஆணியையும் மரத்தூளையும் சேர்த்துப் போட்டு உருட்டுகிற டிரம் ஒன்று. பக்கத்தில் நின்று கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் எங்கள் எல்லாருக்கும் கைதான் பேச்சு. சுண்டு விரலைச் சுழற்றினால் கம்பி முடிந்துவிட்டது. முஷ்டியைக் கீழே போட்டால் மிஷினை நிறுத்து. சட்டைப் பையை இரண்டு விரலால் தட்டினால் முதலாளி வருகிறார், ஒழுங்காக நில். அவரைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள் உண்டு. அதை எல்லாம் எழுத முடியாது.

பையன் எனக்கு நாற்பத்தி ஆறு வயதில் பிறந்தான். இனி இல்லை என்று நாங்கள் இருவரும் விட்டுவிட்ட பிறகு வந்தவன். ஒன்றரை வயதில் ஒரு நாள் அவன் முதுகுக்குப் பின்னால் பெரிய பாத்திரம் ஒன்று விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். இவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம். என் மனைவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்ததும் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உங்க கம்பெனியில எப்படிப் பேசிக்குவீங்க? காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க. கெட்ட வார்த்தையெல்லாம் விட்டுட்டு."

விட்டுவிட்டால் முப்பது வார்த்தை தேறியது. அந்த முப்பதை வைத்துக்கொண்டு அவள் பிள்ளை வளர்க்க ஆரம்பித்தாள். மற்றதெல்லாம் அவளே உண்டாக்கியது. நான் என்றால் ஸ்பேனரால் நட்டு முறுக்குவது. அவள் என்றால் தாடை மச்சத்தில் சுண்டு விரல். பக்கத்து வீட்டுக்காரி என்றால் கதவு இடுக்கில் ஒரு கண். சிணுங்கல், பொய், மழை, நாளைக்கு, வயிற்று வலி, அப்பாவிடம் சொல்லாதே, எல்லாவற்றுக்கும் ஒன்று. அவள் வலது கையில் எப்போதும் கரண்டியோ துடைப்பமோ துணியோ இருக்கும். வேலையை நிறுத்திவிட்டுப் பேசுகிற ஜாதி இல்லை அவள். அதனால் அவள் செய்த வார்த்தைகள் எல்லாம் இடது கை வார்த்தைகள். பையனும் அப்படியே பிடித்துக்கொண்டான். நான் மட்டும்தான் வலது கையால் பேசுவேன். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி செய்வார்கள்.

உலகத்தில் மூன்றே பேர் பேசுகிற பேச்சு அது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள். இரண்டு பேர் ஆனோம். மறு வருஷம் பையன் படிக்கப் போனான்.

முதல் வருஷம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது எங்கள் வார்த்தைகளில்தான் பேசினான். அடுத்த வருஷம் அவன் கையில் வேறு என்னென்னமோ கலந்து வந்தது. மூன்றாம் வருஷம் யோசித்து யோசித்துப் பேசினான். சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, ஒரு வார்த்தை கொடுத்துவிட்டு நான் விழுங்கினேனா என்று பார்ப்பான். ஒரு தடவை 'பொய்' என்பதற்கு உள்ள வார்த்தை அவனுக்கு மறந்துபோயிற்று. நான் செய்து காட்டினேன். 'ஆமாம் ஆமாம்' என்று தலையாட்டிச் சிரித்தான். போனை வைத்த பிறகு நான் சமையலறைக்குள் போய் விளக்கைப் போட்டு, எதற்குப் போட்டேன் என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

திங்கட்கிழமை வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில்தான் சாணைக்கல். நிமிர்ந்தால் அவன் முகம் தெரியும். கம்பெனிச் சத்தத்தில் அவனும் மற்றவனும் ஒன்றுதான். அங்கே யாருக்கும் காது கிடையாது.

பஸ்ஸில் நாலு மணி நேரம். பல்கலைக்கழக வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். பையன் போட்டோ காட்டி அனுப்பியிருந்தானாம்.

"வாங்க ஐயா! பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சா?"

"என்ன?"

"பிரயாணம்!"

"பஸ்ஸுதான். உட்கார இடம் கிடைச்சுது."

"ஐயா, உங்களுக்கும் காது கொஞ்சம்..."

"என் காது நல்லாத்தான் இருக்கு. நீ முணுமுணுக்கற."

அவள் சிரித்துவிட்டு என் சட்டையில் ஒரு வில்லையைக் குத்தினாள். 'விருந்தினர்' என்று இருந்தது. சொந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தவன் விருந்தாளி.

புல்தரையில் இருபது முப்பது பிள்ளைகள் காதில் பெரிய மூடிகளை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கம்பெனியில் எங்களுக்குக் கொடுக்கவேண்டிய மூடி அது. முதலாளி கடைசிவரை கொடுக்கவில்லை. இங்கே விளையாடக் கிடைக்கிறது. ஒருத்தன் ஒருத்தியின் முகத்துக்கு நேரே, "எனக்கு ஒண்ணுமே கேக்கலடி!" என்று கத்தினான். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"காது கேக்காதவங்க எப்படி உணர்றாங்கன்னு தெரிஞ்சுக்க, ஐயா. ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம் முடிஞ்சதும்?"

"கழட்டிருவாங்க."

"என் பையன் எதைக் கழட்டுவான்?"

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "இதை உங்க மகனும் வேண்டாம்னுதான் சொன்னார். நாங்கதான் கேக்கல" என்றாள். உண்மையைச் சொன்னாளே என்று எனக்கு அவள்மேல் கொஞ்சம் நல்ல எண்ணம் வந்தது. கொஞ்சம்தான்.

தாழ்வாரத்தின் கடைசியில் பையன் நின்றிருந்தான். அவனைச் சுற்றி நாலைந்து பேர். எல்லார் கையும் பறந்துகொண்டிருந்தது. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். என் பையன் கதை சொல்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. தோள், புருவம், கன்னம் எல்லாம் பேசியது. அவன் அவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. முடித்ததும் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தன் சுவரில் சாய்ந்துவிட்டான். என் பையன் இவ்வளவு வேடிக்கையான ஆளா? இருபத்தி ஒரு வருஷம் எனக்குத் தெரியாதே.

என்னைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டான். ஓடி வந்து தோளைப் பிடித்தான். பிறகு ஸ்பேனரால் நட்டு முறுக்கினான். அப்பா.

காது கேட்காத பிள்ளைகளுக்கென்று ஒரு அறை இருந்தது. வட்ட மேசை. எல்லார் கையும் எல்லாருக்கும் தெரியவேண்டும் என்று வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரும் உட்காராத மாதிரி நாற்காலிகள். வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் கை வெறும் நிழலாகிவிடும். அது எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். கம்பெனியில் புது ஆளுக்கு முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நின்றுதான் சொல்லிக்கொடுப்போம். சரி, மேசை போட்டவனுக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கறுப்புச் சட்டை. பையன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் என்னைப் பார்த்துக் கையை அசைத்தான், அவனுடைய புதுப் பேச்சில். அந்த அம்மா வாயைத் திறந்தார்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "யாரு யாருக்கு அப்பா? எனக்குப் பொண்ணு கிடையாதும்மா."

"இல்லைங்க ஐயா, நான் பேசல. உங்க மகன் பேசறார். நான் அவருடைய குரல் மாதிரி. அவர் 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்வேன். அதுதான் முறை."

"எந்த ஊர் முறை?"

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் பேச்சையும் கையால் பையனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பையனின் முகம் சிவந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பிள்ளை என்னோடு பேச ஓர் ஆளைக் கூட்டி வந்திருக்கிறான். கோர்ட்டில் அந்நிய பாஷைக்காரனுக்கு வைக்கிற மாதிரி.

"அம்மா, நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க. அவனுக்கும் எனக்கும் நடுவுல ஆள் தேவைப்பட்டது இல்ல. கொஞ்சம் வெளியே இருங்க."

"சரிங்க ஐயா. வாசல்லதான் இருப்பேன்."

கதவு சாத்தியதும் நான் கையை எடுத்தேன். 'நம்ம பேச்சில் சொல்' என்றேன்.

'வார்த்தை இல்லை' என்றான். 'இதைச் சொல்ல நம்மிடம் வார்த்தை இல்லை. அதனால்தான் அந்த அம்மா.'

'இருக்கிறதை வைத்துச் சொல். உன் அம்மா அப்படித்தான் செய்தாள்.'

அவளைச் சொல்ல நான் என் தாடையில் சுண்டு விரலை வைத்ததும் அவன் கண் கலங்கியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு தொடங்கினான். இடது கையால்.

'இங்கே' என்றான். 'சின்னப் பிள்ளைகள் வருவார்கள். காது இல்லை. கையும் இல்லை.' கையை வெறுமையாக விரித்துக் காட்டினான். 'வீட்டில் யாரும் அவர்களோடு பேசவில்லை. அம்மா இல்லாத மாதிரி.' பிறகு, புது ஆள் மிஷின் பக்கத்தில் நிற்பானே, அதற்கு நாங்கள் வைத்திருக்கும் வார்த்தையைச் சொன்னான். ஒரு விரலோடு இன்னொரு விரலை ஒட்டி நிறுத்துவது. 'நான் பக்கத்தில் நிற்கவேண்டும். பெரியவர்கள் கேட்டார்கள். சம்பளம் உண்டு. நானும் படிப்பேன்.'

'எத்தனை நாள்?'

சுவரில் காலண்டர் மாட்டுகிற மாதிரி செய்தான். இரண்டு தடவை.

இரண்டு வருஷம்.

நான் திங்கட்கிழமை என்றேன். ஏழு என்றேன், எட்டு என்றேன். முதலாளி என்று சட்டைப் பையைத் தட்டினேன். சாணைக்கல் இங்கே, நீ இங்கே, நான் நிமிர்ந்தால் உன் முகம் என்று மேசைமேல் இடம் வைத்துக் காட்டினேன். அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சின்ன வயதில் ஊசி போட்டுக்கொள்ளும்போது இருக்கிற மாதிரி இருந்தது.

அதற்குள் விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது. அங்கே கதவைத் தட்டுவது அப்படித்தானாம். அட்டைப் பெண் தலையை நீட்டினாள். "எல்லாரும் உட்கார்ந்தாச்சு. வாங்க, வாங்க."

பெரிய மண்டபம். முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள். என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து அட்டைப் பெண் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். துறைத் தலைவர் அம்மா மைக்கில் ஏதோ பேசினார். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. கை தட்டுவார்கள் என்று பார்த்தால் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். பஸ் கிளம்பும்போது ஆட்டுகிற மாதிரி. அதுதான் கைதட்டலாம்.

பிறகு விளக்கைக் குறைத்துத் திரையில் படம் போட்டார்கள். பார்த்தால் என் பையன். அந்த வட்ட மேசைக்கு முன்னால் நின்று கையை அசைக்கிறான். கீழே எழுத்து ஓடியது. நான் விரல் வைக்காமல் படிக்கிறதற்குள் எழுத்து போய்விட்டது.

"இது அவருடைய ப்ராஜெக்ட், ஐயா" என்று அந்தப் பெண் என் காதருகே கத்தினாள். "சைகை மொழி படிக்கிறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வீட்டுலயும் என்ன கைவார்த்தை இருந்துச்சுன்னு சேத்திருக்கார். முதல்ல உங்க வீடு!"

திரையில் ஸ்பேனர் நட்டை முறுக்கியது. 'அப்பா'. மண்டபத்தில் முந்நூறு பேரும் நட்டு முறுக்கினார்கள். சிலர் சிரித்தார்கள். கதவு இடுக்கில் கண் வந்தது. முந்நூறு பேர் பக்கத்து வீட்டுக்காரியைச் செய்தார்கள். அவள் பார்த்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள்.

யாரைக் கேட்டுக் கொடுத்தான்? மூன்று பேர் பேச்சு அது. அதில் ஒருத்தி உயிரோடு இல்லை.

படம் நின்றது. பையனே மேடைக்கு வந்தான். அந்தக் கறுப்புச் சட்டை அம்மா மைக்கோடு ஓரமாக நின்றார். பையன் இடது கையை முன்னால் நீட்டி விரித்தான். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கி, மூடிய கையை மெல்ல இழுத்து நெஞ்சில் வைத்தான்.

வீட்டுக்கு வா.

அது அவள் வாசலில் நின்று சொல்வது. தெருமுனையில் பையன் விளையாடிக்கொண்டிருப்பான். இவள் வலது கையில் கரண்டியோடு வெளியே வருவாள். கூப்பிட்டால் கேட்காது. யாராவது பார்த்து அவன் தோளைத் தட்டித் திருப்பிவிடுவார்கள். அவன் திரும்பியதும் இதைச் செய்வாள். நான் வேலை முடிந்து தெருவுக்குள் நுழையும்போதும் சில நாள் செய்வாள், எனக்குக் காது இருந்தும். அவள் போன பிறகு அந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. வீட்டில் இருக்கிறவர்தான் வெளியே இருக்கிறவருக்கு அதைச் சொல்லமுடியும். எங்கள் வீட்டில் இருக்கிறவள் அவள்தான்.

முந்நூறு கை நீண்டது. முன் வரிசையில் ஒருத்தன் வலது கையால் செய்தான். பையன் நிறுத்தினான். இல்லை என்று தலையாட்டித் தன் இடது மணிக்கட்டைத் தட்டிக் காட்டி, நீளமாக ஏதோ சொன்னான். அந்த அம்மா மைக்கில் பேசினார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"இடது கைதான், ஏன்னா எங்க அம்மா வலது கையில எப்பவும் கரண்டி இருக்கும்னு சொல்றார்."

பிறகு எல்லாரும் இடது கையால் செய்தார்கள். முந்நூறு இடது கை விரிந்து, விரல் விரலாக மடங்கி, முந்நூறு நெஞ்சுக்குப் போனது. சத்தமே இல்லை. வளையல் ஓசை கொஞ்சம் கேட்டிருக்கலாம், எனக்கு அதுவும் கேட்கவில்லை. சின்னச் சின்னக் கை. தடித்த கை. மோதிரம் போட்ட கை. ஒன்றுகூட அவள் கை இல்லை. ஆனால் கடைசியில் நெஞ்சில் வைக்கும்போது அவள் ஒரு நொடி தாமதிப்பாள், அதைப் பையன் சரியாகப் பிடித்திருந்தான், அவனைப் பார்த்து அவர்களும் தாமதித்தார்கள். முந்நூறு பேர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பையன் பின்னாலேயே ஓடி வந்து முன்னால் வந்து நின்றான். அவன் முகத்தருகே கையை ஆட்டிச் சண்டை போட்டேன். 'யார் கொடுக்கச் சொன்னது? அம்மாவுடையது அது. விளையாட்டா? காதுமூடி மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, அந்த மாதிரியா?'

'எனக்கும் அம்மா' என்றான். தாடையைக் குத்திக் குத்திக் காட்டினான். 'எனக்கும். எனக்கும்.' பிறகு ஸ்பேனரை முறுக்கிவிட்டுச் சுண்டு விரலைச் சுழற்றினான். தன்னைக் காட்டினான், மறுபடி சுண்டு விரலைச் சுழற்றினான். அப்பா முடிந்தால், நான் முடிந்தால். பிறகு அந்த இடது கையைத் தூக்கிக் காட்டி, அதன்மேலும் சுண்டு விரலைச் சுழற்றினான். கம்பி முடிந்துவிடும்.

அவன் சொன்னது புரிந்தது. ஆனால் கோபம் போகவில்லை.

துறைத் தலைவர் அம்மாவும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். "ஐயா, மிச்ச வார்த்தைகளையும் நீங்க உட்கார்ந்து சொன்னா கேமராவுல பதிஞ்சு வெச்சுக்கலாம். உங்க மகனுக்கே பாதி மறந்துடுச்சுன்னு சொல்றார்."

"வெச்சு?"

"பத்திரமா இருக்கும். பின்னாடி வர்ற பிள்ளைங்க பார்ப்பாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"எப்பவுமேங்க."

"எப்பவுமேன்னு சொன்னவங்களை நான் நிறையப் பார்த்துட்டேன்மா. நீங்க மாறிப் போனா அடுத்த ஆள் அலமாரியைத் துடைச்சு வெளியே போடுவான்."

"அப்படி நடக்காது ஐயா."

"நடக்காதுன்னு எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்" என்றார். விடாமல் என்னைப் பார்த்தார். எழுதித் தருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இப்போது முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பஸ் நிறுத்தம்வரை பையன் கூட வந்தான். அட்டைப் பெண் ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தாள். வழியில் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். காது கேட்கிற பிள்ளைகள்தான், ஏனென்றால் போனில் பேசிக்கொண்டு வந்தார்கள். பையனைப் பார்த்ததும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையால் ஏதோ கேட்டார்கள். இவன் பதில் சொன்னான். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். சும்மா, போகிற போக்கில். எங்கள் தெருவில் இருபது வருஷமாக ஒருத்தர் அப்படி அவனிடம் கேட்டதில்லை. தோளைத் தட்டித் திருப்பிவிடுவதோடு சரி.

நிறுத்தத்தில் நின்றோம். அவன் என்னைப் பார்த்து, 'திங்கள்?' என்றான்.

ஊசிக்குக் கையை நீட்டிய முகம். வா என்று சொன்னால் வந்துவிடுவான். அது எனக்குத் தெரியும். அவனுக்கு என்னிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. திங்கட்கிழமை ஏழாம் நம்பரில் நிற்பான். நான் நிமிர்ந்தால் அவன் முகம் தெரியும். இந்த முகம் தெரியும்.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த முகம் தெரியாது.

இங்கேயே இரு என்பதற்கு எங்களிடம் வார்த்தை கிடையாது. வீட்டில் அது தேவைப்படவில்லை. ஆனால் கம்பெனியில் ஒன்று உண்டு. ஒரு மிஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். புது ஆள் சும்மா இருக்கமாட்டாமல் எதையாவது திருகப் போவான். அப்போது தூரத்திலிருந்தே உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் காட்டுவோம். ஓடுகிறது, கை வைக்காதே. அதைச் செய்தேன்.

அவனுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. 'நீ?' என்று கேட்டு ஒற்றை விரலை நிறுத்தினான். தனியாக?

'சாணைக்கல் இருக்கிறது' என்றேன்.

மாதம் ஒரு தடவை வா என்றான். சின்னப் பிள்ளைகளுக்கு நீயும் பேசிக் காட்டு, அவர்கள் வீட்டு அப்பாக்கள் யாரும் வருவதில்லை என்றான். நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலாளி விடமாட்டார் என்று சட்டைப் பையைத் தட்டினேன். அவன் நாக்கைக் கன்னத்தில் துருத்தி, அதை இடது விரலால் தட்டிக் காட்டினான். பொய். அந்த வார்த்தையை இந்தத் தடவை அவன் மறக்கவில்லை.

பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. நடக்கவேண்டியிருந்தது. எங்கள் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. முதுகைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. பின்னாலிருந்து ஒரு வார்த்தை எட்டாது. அவன் என்ன சொல்லிக்கொண்டிருந்தானோ, நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் திங்கட்கிழமை காலை என்று கையைத் தூக்கியிருப்பேன்.

நல்லவர்கள்தான் அவர்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மத்தியானம் எல்லாரும் சேர்ந்து கையைத் தூக்குவது சுலபம். அடுத்த வருஷம் இதே மண்டபத்தில் வேறு முந்நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு வேறு ஏதாவது காட்டுவார்கள். என் பிள்ளையைக் கொடுத்ததற்கு ஈடாக அவர்களில் எத்தனை பேர் என்னத்தை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை. டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.